நாவறியாத உப்பு

சனிக்கிழமை பிற்பகல், லண்டனின் எட்மண்டன் பகுதியில் மழை ஓய்ந்து வெயில் எட்டிப் பார்த்த வேளையில், கோதை ஒரு முட்டைக்கோஸை இரண்டாகப் பிளந்தாள். இதழ்மேல் இதழாகச் சுருண்டிருந்த அதன் வெண்பச்சை மடிப்புகளைக் கண்டதும், ஏதோ ஒரு தாமரை மொக்கைப் பிளந்துவிட்டோமோ என்று ஒரு கணம் அவள் கை கூசியது. மறுகணமே சிரித்துக்கொண்டு கத்தியை எடுத்தாள். தயங்கி நிற்க நேரமில்லை. ஹலினா சாப்பிட வருகிறார். சாப்பிட்டுவிட்டுப் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த ஒரு பதிலில்தான் கோதையின் வேலை தொங்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனை மருந்தகத்தில் அவள் மருந்தாளுநர். பேறுகால விடுப்பு முடிந்து திங்கட்கிழமை பணிக்குத் திரும்பியாக வேண்டும். மகள் மஹதிக்குப் பத்து மாதம். அக்கம்பக்கத்துக் காப்பகங்களில் செப்டம்பருக்கு முன் இடமில்லை. ஈழத் தமிழனான கணவன் கொட்வினுக்கு ரயில் பாதைப் பராமரிப்பில் ஷிப்ட் வேலை. அவனுடைய பெற்றோர் கனடாவில், அவளுடையவர்கள் கும்பகோணத்தில். குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடுவதைத் தவிர வேறு வழியில்லை.

ஆளோ தலைக்கு மேலேயே இருந்தார். மாடி வீட்டில் தனியே வாழ்பவர் ஹலினா. போலந்திலிருந்து வந்து, பள்ளிக்கூடச் சமையலறையொன்றில் நெடுங்காலம் உழைத்து ஓய்வு பெற்றவர். யார் தூக்கினாலும் வீறிடும் மஹதி, அந்த அம்மையார் படிக்கட்டில் முணுமுணுக்கும் மெட்டைக் கேட்டாலே அழுகையை நிறுத்திவிட்டுக் கதவைப் பார்ப்பாள். கோதை இருமுறை கேட்டிருந்தாள். பால் எத்தனை மில்லி, எந்தச் சூட்டில், எந்நேரம் உறக்கம், எந்தப் பக்கம் படுக்கவைப்பது என்று ஒன்றுவிடாமல் விளக்கியும் சொன்னாள். இருமுறையும் ஹலினா முகத்தைச் சற்றே சுருக்கி, "யோசிக்கிறேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். நேற்று படிக்கட்டில் எதிர்ப்பட்டபோது, "நாளை முடிவு சொல்லிவிடுகிறேன்" என்றார். "அப்படியானால் சாப்பிட வாருங்கள், உங்கள் ஊர்ச் சாப்பாடு!" என்று கோதையின் வாய் அவளைக் கேளாமலே அழைத்துவிட்டது.

உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் ஒன்றுகூட அவளுக்குத் தெரியாது. கைப்பேசியில் தேடிக் கண்டுபிடித்ததுதான் இந்த ஒற்றை வாணலிச் சமையல்: வெங்காயம், காளான், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், அதனுடன் ஒரு குப்பி புளிக்கவைத்த முட்டைக்கோஸ். எல்லாம் எளிய பண்டங்கள். குப்பியை மட்டும் கடைத்தெருவிலிருந்த போலந்துக் கடையில் வாங்கினாள். அங்கே கொக்கிகளில் மாலை மாலையாகத் தொங்கிய புகையூட்டிய சொசேஜுகளைப் பார்த்து, மரக்கறி தவிர வேறெதுவும் உண்ணாத அவள் ஒரு பெருமூச்சோடு திரும்பினாள்.

அகன்ற இரும்பு வாணலியில் வெண்ணெய் உருகி நுரைத்தது. அரிந்த வெங்காயம் அதில் விழுந்ததும், ஆலங்கட்டி மழை தகரக் கூரையில் பெய்வது போன்ற ஆரவாரம். தணலைத் தணித்து அவள் பொறுமையாகக் கிளறக் கிளற, வெண்மை மங்கி, மஞ்சள் படர்ந்து, கொன்றைப் பூங்கொத்து உதிர்ந்து கிடப்பது போல் வெங்காயம் பொன்னிறமாகியது. காளான்கள் முதலில் நீர்விட்டு அழுதன. பிறகு நீர் வற்றி ஓரம் சிவந்தன. சீரகத்தைப் போலவே வளைந்து, அதனினும் கறுத்த கேரவே விதைகளை அவள் வெண்ணெயில் பொரியவிட்டாள். ஏலமும் சோம்பும் கலந்தாற்போல, முன்னறியாத ஒரு மணம் எழுந்து வீட்டை நிறைத்தது. கோதைக்கு நெஞ்சு துள்ளியது. "அடடா, பொரியலுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்!" என்று அடுப்பைப் பார்த்தே சொன்னாள்.

நறுக்கிய கோஸைக் கொட்டினாள். குப்பியைக் கவிழ்த்தாள். அடியில் தேங்கியிருந்த புளிப்பு நீரைப் பார்த்தபோது அவளுக்குள் இருந்த கும்பகோணத்துச் சிக்கனம் விழித்துக்கொண்டது. இவ்வளவு சாற்றையா வீணாக்குவது? அதையும் ஊற்றினாள். பிறகு, இத்தனை காய்க்கு இத்தனை என்று கை அறிந்த கணக்கில், கல்லுப்பை அள்ளித் தூவினாள்.

வேலைவிட்டு வந்த கொட்வின் செருப்பைக் கழற்றுமுன்பே சமையலறைக்குள் தலையை நீட்டினான்.

"என்னப்பா, கீழ் வாசல் வரைக்கும் மணக்குது! பிள்ளை நித்திரையோ?"

"இப்பதான் தூங்கினா. கத்தாதீங்க."

"இதென்ன, கோவாச் சுண்டலோ?" கோதையின் முட்டைக்கோஸ் அவன் ஊரில் கோவா.

"சுண்டலும் இல்ல, கிண்டலும் இல்ல. போலந்துச் சமையல்."

"சொசேஜ் இல்லாமலோ? மனுசி ஒரு வாய் வைச்சிட்டுத் திரும்பி மேல ஏறிப் போயிடுவா, பாரும்."

"உங்களுக்கு மீன், இறைச்சின்னு மச்சம் இல்லைன்னா அது சாப்பாடே இல்ல. பேசாம தட்ட எடுத்து வைங்க."

அவன் தட்டை எடுக்காமல் வாணலிப் பக்கம் விரலை நீட்டினான். கரண்டிக் காம்பால் அதில் ஓர் அடி விழுந்தது.

"வந்தவங்க சாப்பிடறதுக்கு முன்னாடி யாரும் வாயில வைக்கக் கூடாது!"

"அப்ப நீரும் ருசி பாக்கேல்லையோ?"

"நான் எதுக்குப் பாக்கணும்? மணத்துலயே தெரியுமே."

அது வீம்பன்று; அவள் பிறந்த வீட்டின் ஒழுங்கு. அங்கே அடுப்படியில் நிற்பவரின் கரண்டி நாவைத் தொடாது. முதல் பங்கு பெருமாளுக்கு, அதற்கடுத்தது வாசலுக்கு வந்தவருக்கு. சமைத்தவளுக்கு எல்லோருக்கும் பின்னால்தான். எச்சில் பட்டதை விருந்தாளிக்குப் பரிமாறுவதை நினைக்கவே அவர்களுக்குக் கூசும். ஆகவே கண்ணும் மூக்கும் கையும்தான் அவர்களுக்கு நாக்கு. மருந்தகத்தில் மில்லிகிராம் பிசகாமல் அளக்கிற கோதை, வீட்டில் சாம்பாருக்கும் ரசத்துக்கும் ஒருநாளும் அளந்ததில்லை, ஒருநாளும் தப்பியதில்லை.

கதவு தட்டப்பட்டது. ஹலினா நீலக் கம்பளிச் சட்டை அணிந்து, கையில் ரை தானிய ரொட்டி ஒன்றை அணைத்தபடி நின்றார். மூக்கை உயர்த்தி மோந்தார். "கேரவே!" என்றார். அவர் கண்கள் மலர்ந்ததைக் கண்டு கோதைக்குக் கால் தரையில் பாவவில்லை. வேகவைத்த கிழங்கில் பாதியை வாணலியில் சேர்த்துப் புரட்டி, ஆவி பறக்க முதல் தட்டை அவர்முன் வைத்து, கைகட்டி நின்றாள்.

ஹலினா ஒரு வாய் எடுத்தார். மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். தண்ணீர்க் குவளையை எடுத்து, அதை முழுதும் குடித்துவிட்டுத்தான் கீழே வைத்தார்.

"மிகவும்... நன்றாக இருக்கிறது" என்றார், பள்ளிப் பிள்ளையிடம் பொய் சொல்லும் குரலில்.

கொட்வின் ஒரு கரண்டி அள்ளி வாயில் போட்டான். அவன் காது சிவந்தது. "கோதை, இது கடலப்பா" என்று தமிழில் முனகினான். "நீர் ஒருக்கா வாயில வையும்."

வைத்தாள். உண்மையிலேயே கடல்தான். உப்பிட்டுப் புளிக்கவைத்த கோஸ், உப்பு வெண்ணெய், உப்பு நீர், அதன்மேல் அவள் வாரியிறைத்த கல்லுப்பு. குப்பிக்குள் ஏற்கெனவே உப்பு இருந்ததை அவள் மூக்கு எப்படி அறியும்? திங்கட்கிழமையும் மருந்தகமும் அந்த ஒரு வாயில் கரைந்து போனது போலிருந்தது. கண் கலங்கிய அதே நொடியில் அவளுக்குச் சிரிப்பும் பொத்துக்கொண்டு வந்தது.

"ஹலினா, சாப்பிடாதீர்கள்! நான் ருசி பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் விருந்தாளிக்கு முன் யாரும் பார்ப்பதில்லை. உங்களைத்தான் முதலில் பலி கொடுத்துவிட்டேன்."

ஹலினா கரண்டியைக் கீழே போட்டார். "ஒரு துளிகூடப் பார்க்கவில்லையா?"

"ஒரு துளிகூட."

"நீ ஒரு மருந்தாளுநர்!"

"ஆமாம்" என்றாள் கோதை, தலைகுனிந்து.

அந்த அம்மையார் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பின் ஓசையில் மஹதி விழித்து அழ, எவரும் சொல்லாமலே எழுந்து போய்க் குழந்தையைத் தூக்கி வந்தார். அழுகை நின்றது. ஆனால் கோதை அப்போது எதையும் கவனிக்கவில்லை. அவளுக்குள் ஒரு வேகம் பிறந்துவிட்டது. இன்னும் அரைக் கோஸ் மிச்சம். உப்பிடாமல் வெந்த கிழங்கு ஒரு சட்டி. கூடையில் ஓர் ஆப்பிள். வாணலியில் இருந்ததில் பாதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி வைத்தாள். மீதியில் கோஸை மெல்லிசாகச் சீவிச் சொரிந்தாள். ஆப்பிளைத் தோலோடு வில்லை வில்லையாக அரிந்து போட்டாள். கிழங்கைக் கையாலேயே உடைத்துப் பரப்பி, அடி முறுகும்வரை தணலை ஏற்றினாள்.

"ஆப்பிளோ?" என்றான் கொட்வின். "கறிக்குள்ளயோ?"

"ஆமா. உப்புக்கு எதிரி இனிப்புதானே? தள்ளுங்க, ஜன்னலத் தெறங்க!"

புதுக்கோஸ் வதங்கிக் கண்ணாடி போலாயிற்று. கிழங்கின் அடி பொன்முலாம் பூசியது போல் முறுகியது. அடுப்பை அணைக்கப் போனவளின் கை நின்றது. இது சரியா? மூக்கு சரியென்றது, ஆனால் சற்றுமுன் பொய் சொன்னதும் அதே மூக்குதான். கரண்டியால் கொஞ்சம் எடுத்து, கரண்டி உதட்டில் படாமல் இடது உள்ளங்கையில் போட்டு, ஊதி, வாயிலிட்டாள். அடுப்பு முன் நின்று அவள் ருசி பார்த்தது வாழ்க்கையில் அதுவே முதன்முறை. புளிப்பு, மெல்லிய இனிப்பு, கேரவேயின் காரமான குளிர்ச்சி, எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் அளவான உப்பு. "ஆஹா!" என்று வாய்விட்டே கூவினாள்.

இந்தமுறை ஹலினா தண்ணீர்க் குவளையைத் தொடவேயில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி ஒரு தட்டை முடித்தார். ரொட்டியைப் பிட்டு வாணலியின் முறுகலைச் சுரண்டித் தின்றார். பின்னரே சொன்னார்: "எங்கள் ஊரில் ஈஸ்டருக்கு முதல் நாள் கூடையில் முட்டை, ரொட்டி, உப்பு எல்லாம் வைத்துக் கோயிலுக்குக் கொண்டுபோவோம். பாதிரியார் ஆசீர்வதித்த பிறகும், மறுநாள் காலைவரை யாரும் தொடக்கூடாது. என் கணவர் மட்டும் திருடித் தின்பார்."

"அவர் எங்கட ஆள்!" என்றான் கொட்வின். அந்த உற்சாகத்தை மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

ஹலினா கோதையின் பக்கம் திரும்பினார். "நான் ஏன் இழுத்தடித்தேன் தெரியுமா? பயந்தேன். பால் இத்தனை மில்லி, இத்தனை சூடு என்று நீ சொல்லச் சொல்ல, என்னையும் அளந்து பார்ப்பாய் என்று நினைத்தேன். ஒன்று தப்பாகச் செய்தால் முகம் சுளிப்பாய் என்று. உன் வீட்டில் தப்பே நடக்காது போலிருந்தது."

கோதை வாணலியையும், ஓரமாக வைத்த அந்த உப்புக்கடலையும் பார்த்தாள்.

"இப்போது?"

"இப்போது பயமில்லை. திங்கட்கிழமை எத்தனை மணிக்கு வரவேண்டும்?"

"ஏழரைக்கு" என்றாள் கோதை. பால், சூடு, உறக்கம் என்று மீண்டும் தொடங்க வாய் திறந்தாள். மஹதி அம்மையாரின் கம்பளிச் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். கோதை வாயை மூடிக்கொண்டு, அவர் தட்டில் இன்னும் ஒரு கரண்டி பரிமாறினாள்.