உமை71 படித்த வாக்கியங்கள்

எனக்குக் கறார் கொஞ்சம் ஜாஸ்தி. கல்யாணப் பத்திரிகை அடிக்க வருகிறவர்களிடமே, மாப்பிள்ளை பெயருக்குப் பின்னால் இத்தனை பட்டம் எதற்கு என்று மல்லுக்கு நிற்கிறவன் நான். திருவண்ணாமலை தேரடி வீதிக்குப் பக்கத்துச் சந்தில் பதினாறு வருடமாக டிடிபி கடை வைத்திருக்கிறேன். பெயர் செழியன். இணையத்தில் செழியன் என்றால் யாருக்கும் தெரியாது, ‘காதுக்காரன்’ என்றால் தெரியும்.

‘பொதுக்குரல்’ என்று ஒரு திட்டம் நடக்கிறது. கம்ப்யூட்டரும் போனும் தமிழை மனுஷர் மாதிரி வாய்விட்டுப் படிக்க வேண்டும், அந்த மென்பொருளை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம் என்பதுதான் திட்டம். அதற்குக் குரல் வேண்டும். பல ஊர்களில் இருந்தும் ஆட்கள் திரையில் வருகிற வாக்கியங்களைப் படித்து, பதிவுசெய்து அனுப்புவார்கள். வேறு சிலர் அதைக் கேட்டு, ஏற்கிறேன் என்றோ தள்ளுகிறேன் என்றோ குறி போடுவார்கள். கேட்கிற கூட்டத்தில் நான்தான் மூத்தவன். நான் தள்ளினால் தள்ளினதுதான்.

காலை ஏழு மணிக்கே கடையைத் திறந்துவிடுவேன். பத்து மணிவரை ஈ காக்கை வராது. ஷட்டரைப் பாதி ஏற்றிவிட்டு, டீயைப் பக்கத்தில் வைத்து, ஹெட்போனை மாட்டிக் கண்ணை மூடிக்கொள்வேன். அதற்கப்புறம் நான் இந்த ஊரில் இல்லை. யாழ்ப்பாணத்துக் குரல் ஒன்று அணையின் நீர்மட்டத்தைச் சொல்லும். பினாங்கில் இருந்து ஒருவர் தக்காளி விலையைச் சொல்வார். யார் முகமும் தெரியாது, எல்லாரும் என் காதுக்குள் வந்து ஒரு வாக்கியம் சொல்லிவிட்டுப் போவார்கள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருக்கும். கண்ணைத் திறந்தால் எதிரே மலை நிற்கும், அதன் பாதி உடம்பு மேகத்துக்குள் இருக்கும். எது உள்ளே, எது வெளியே என்று பிடிபடக் கொஞ்ச நேரமாகும். அந்தக் கொஞ்ச நேரத்துக்காகத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

‘உமை71’ என்ற பெயரில் பதிவுகள் வரத் தொடங்கியது ஆடி மாதத்தில்.

ஒரு பெண்மணி. ஐம்பது தாண்டியிருக்க வேண்டும். “வட மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் மழை பெய்யக்கூடும்” என்று படித்தார். எத்தனையோ பேர் படித்த வாக்கியம். இவர் படித்தபோது நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். துணி காய்கிறது, எடுத்துவிடு என்று பக்கத்து வீட்டிலிருந்து யாரோ சொல்கிற மாதிரி இருந்தது. அடுத்த வாக்கியம், அதற்கடுத்தது என்று கேட்டுக்கொண்டே போனேன்.

ஆனால் பின்னால் மயில் கத்தியது. ஒன்றிரண்டு அல்ல. ஏறக்குறைய ஒவ்வொரு பதிவிலும், வாக்கியத்தின் நடுவிலேயே அகவியது. போதாததற்கு அந்த அம்மாவின் தொண்டையில் ஒரு கரகரப்பு. எங்கள் விதி தெளிவானது: படிப்பவர் குரலைத் தவிர வேறு உயிரின் சத்தம் இருக்கக் கூடாது. நாய் குரைத்தால் தள்ளு, குழந்தை அழுதால் தள்ளு. மயிலுக்கு மட்டும் சலுகையா? தள்ளினேன். “சளி தீர்ந்த பிறகு படிக்கவும். மிளகுப் பால் குடிக்கவும்” என்று குறிப்பும் போட்டேன். ரொம்ப அக்கறையாக எழுதிவிட்டதாக நினைப்பு வேறு.

அவர் நிறுத்தவில்லை. தினமும் பத்து, பன்னிரண்டு வாக்கியம் வரும். நான் கண்ணை மூடி, ஒவ்வொன்றையும் இரண்டு தடவை, மூன்று தடவை கேட்பேன். கேட்டு முடித்துத் தள்ளுவேன். ஒருநாள் மயில் கத்தியதும் ஹெட்போனைக் கழற்றினேன். வெளியேயும் கத்தியது. மறுபடி மாட்டினேன், உள்ளேயும் கத்தியது. அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. மயில் என்றால் விராலிமலை, அந்த அம்மா அந்தப் பக்கம் எங்கேயோ இருக்கிறார் என்று நானே முடிவுகட்டியிருந்தேன்.

ஆவணியில் என் வலைப்பூவில் ஒரு பதிவு எழுதினேன். ‘மயிலம்மாவுக்கு ஒரு விண்ணப்பம்’ என்று தலைப்பு. விராலிமலை மயில்கள் எல்லாம் பொதுக்குரலில் உறுப்பினர் ஆகிவிட்டன, அடுத்து அவற்றுக்கும் வாக்கியம் கொடுக்கலாம் என்று நக்கலடித்திருந்தேன். நாற்பத்திரண்டு பேர் சிரித்துப் பின்னூட்டம் போட்டார்கள். புரட்டாசி பிறந்ததும் உமை71 வரவில்லை. காலை நேரம் என்னவோ வெறிச்சென்று இருந்தது, காரணம் தெரியவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஐப்பசியில் அந்தப் பதிவின் கீழே நாற்பத்து மூன்றாவது பின்னூட்டம் வந்தது.

“சார், என் பேரு சிந்துஜா. அடி அண்ணாமலை. நீங்க எழுதின மயிலம்மா என் அம்மாதான், பேரு உண்ணாமலை. அம்மாவுக்குத் தொண்டைல கேன்சர். போன மாசம் குரல்வளையை எடுத்துட்டாங்க, இனிமே பேச முடியாது. ஐந்நூறு வாக்கியம் சேர்ந்தா அவங்க குரல்லயே போன் பேசும்னு உங்க தளத்துலதான் படிச்சேன். அதனாலதான் ஆபரேஷனுக்கு முன்னாடி தினமும் காலைல படிக்க வெச்சேன். எத்தினி சேர்ந்திருக்குனு பாக்கத் தெரியல. சொல்ல முடியுமா சார்?”

அடி அண்ணாமலை. என் கடையிலிருந்து கிரிவலப் பாதையில் ஏழு கிலோமீட்டர். அதே மலை, அதே மயில்.

கணக்கைத் திறந்து பார்த்தேன். படித்தது அறுநூற்று நாற்பது. ஏற்றது முப்பத்தொன்று. தள்ளியவை முப்பது நாளில் தானாக அழிந்துபோகும். அந்த விதியையும் நான்தான் கேட்டு வாங்கியிருந்தேன், குப்பை சேரக் கூடாது என்று.

இரண்டு நாள் பதில் போடாமல் ஓடி ஒளிந்தேன். மூன்றாம் நாள் உள்ளதை எழுதினேன்: முப்பத்தொன்றுதான் இருக்கிறது, மற்றதை நான் தள்ளிவிட்டேன், அழிந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. “சரி சார்.” அவ்வளவுதான். கண்டபடி திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டேன், வெட்கமாக இருந்தது.

மறுநாள் பொதுக்குரலின் குழுமத்தில் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு எழுதினேன். மயில் பதிவுக்குச் சிரித்தவர்கள் அத்தனை பேரும் அங்கேயும் இருந்தார்கள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. சிலர் காய்ச்சி எடுத்தார்கள். சிலர் விதிப்படிதானே செய்தீர்கள் என்று தாங்கிப் பேசினார்கள், அதுதான் அதிகமாக வலித்தது. சிங்கப்பூரில் இருந்து சர்வரைப் பார்த்துக்கொள்கிற அருள்ராஜ் இடுக்கு விடாமல் தேடிவிட்டு, “ஒன்றுகூட இல்லை, அண்ணா” என்றார். ஒருவாரம் ஹெட்போனைத் தொடவில்லை.

எட்டாம் நாள் மட்டக்களப்பிலிருந்து நந்தினி என்று ஒரு பெண் எழுதினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கிறாளாம். குழுமத்தில் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவள்.

“தள்ளின பதிவுகளை நான் ஒவ்வொரு கிழமையும் இறக்கி வைக்கிறனான். குரலில இருந்து வேற சத்தத்தைப் பிரிச்செடுக்கிற மென்பொருள் ஒண்டு செய்யிறன், அதுக்கு அழுக்கான பதிவுதான் வேணும். நல்லதை எல்லாரும் எடுப்பினம். உமை71இன்ர அறுநூற்று ஒன்பதும் என்னட்ட இருக்கு.”

கடையில் ஒருவர் ஆதார் அட்டை ஜெராக்ஸுக்கு நின்றுகொண்டிருந்தார். அவர் முன்னாலேயே அழுதேன். “இன்னா சார், கெட்ட சேதியா?” என்றார். இல்லை என்று தலையாட்டினேன். காசு வாங்க மறந்துபோனேன்.

எல்லாம் எல்லாருக்கும் என்று திறந்து வைத்திருந்ததால், நான் வாசலில் கொட்டியதை ஒருத்தி கடலுக்கு அந்தப்பக்கம் அள்ளி வைத்திருந்தாள். இத்தனை வருடமாக இந்தத் திட்டத்தில் இருக்கிறேன், இதுதான் அதன் அர்த்தம் என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

பதினோரு பேர் சேர்ந்தோம். நந்தினியின் மென்பொருளுக்கு, மயில் எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று யாராவது காது கொடுத்துக் குறித்துத் தர வேண்டும். அதை நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். அறுநூற்று ஒன்பதையும் மறுபடி கேட்டேன். ஐப்பசி மழை, மலை கண்ணுக்கே தெரியவில்லை. “அடுத்த ரயில் மூன்றாவது நடைமேடையிலிருந்து புறப்படும்” என்பார் அந்த அம்மா. நான் புறப்பட்டுப் போவேன். ஆவணி பிறந்த பிறகு ஒவ்வொரு வாக்கியத்துக்கு முன்னாலும் எச்சில் விழுங்குகிற சத்தம் கேட்டது. வலித்திருக்கிறது. அதையும் முன்னே நான் கேட்டுத்தான் இருந்தேன். சத்தம் என்று குறித்து வைத்திருந்தேன்.

ஐந்நூற்று நாற்பத்து மூன்று தேறியது. அருள்ராஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமை குரலைக் கட்டி முடித்து அனுப்பினார். நான் திறந்து கேட்கவில்லை. முதலில் கேட்க வேண்டியவன் நான் இல்லை.

சிந்துஜாவிடம் சொல்லிவிட்டு வண்டியில் கிளம்பினேன். கிரிவலப் பாதையில் கூட்டமில்லை, ஈரத் தார் ரோடு மலையைச் சுற்றிக்கொண்டு போனது. அவர்கள் வீடு பாதையிலிருந்து உள்ளே தள்ளி, வேர்க்கடலைக் கொல்லையை ஒட்டி இருந்தது. சிந்துஜா காலேஜ் படிக்கிற பெண். “வாங்க சார், உக்காருங்க” என்றாள். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. உண்ணாமலை அம்மா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் மெல்லிய வெள்ளைத் துணி கட்டியிருந்தது. நான் மனதில் வரைந்து வைத்திருந்த முகம் இல்லை. அதைவிட இளமையாக இருந்தார்.

“அம்மா, உங்க பதிவையெல்லாம் தள்ளிவிட்டவன் நான்தான். பெரிய தப்பு பண்ணிட்டேன். என்னை மன்னிச்சுடுங்க” என்றேன்.

அவர் பக்கத்திலிருந்த நோட்டை எடுத்து எழுதிக் காட்டினார். “நீங்க சொன்னீங்கனு தெனம் மிளகுப் பால் குடிச்சேன் தம்பி.”

எனக்குத் தலை நிமிரவில்லை. அவர் என் கையைத் தட்டி, போனைக் காட்டினார். வந்த வேலையைப் பார் என்று அர்த்தம். சிந்துஜா டீ போடப் பின்கட்டுக்குப் போனாள். நான் அந்தக் குரலைப் போனில் ஏற்றி, இங்கே எழுதி இந்தப் பொத்தானை அமுக்கினால் பேசும் என்று காட்டினேன்.

அவர் போனை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். பிறகு ஒற்றை விரலால் தேடித் தேடி எழுத்துகளைத் தொட்டார். ஒரு சொல்தான். அமுக்கினார்.

“சிந்து.”

அறுநூற்று நாற்பது வாக்கியத்தில் எதிலும் அந்தப் பெயர் இல்லை. எனக்குத் தெரியும், நான் எல்லாவற்றையும் கேட்டவன். மழையையும் ரயிலையும் அணையையும் சொன்ன குரல், யாரும் படிக்கக் கொடுக்காத ஒரு பெயரைச் சொன்னது.

“தோ வரேம்மா” என்று உள்ளேயிருந்து சத்தம் வந்தது. பாத்திரம் கழுவுகிற தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. “இன்னாம்மா?”

அப்புறம் தண்ணீர் நின்றது.

சிந்துஜா வாசற்படிக்கு வந்தாள். கையெல்லாம் சோப்பு நுரை. என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள், அம்மா மடியிலிருந்த போனைப் பார்த்தாள். அப்படியே கீழே உட்கார்ந்தாள்.

“இன்னொரு தபா கூப்புடும்மா” என்றாள்.

உண்ணாமலை அம்மா கூப்பிட்டார்.