பூனை கத்தவில்லை

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவளுக்கு 'அலறல் ராணி' என்று பெயர். ஜப்பானியக் கார்ட்டூன்களுக்குத் தமிழ்க் குரல் கொடுப்பது அவள் தொழில். கார்ட்டூன் என்றால் குழந்தைகள் சமாசாரம் என்று வாய் கூசாமல் சொல்கிறவர்களை ஒருநாள் அவள் பக்கத்தில் உட்காரவைக்க வேண்டும். காலையில் பேயின் தலையை வாளால் சீவி எறியும் பள்ளிக்கூடப் பெண். மதியம், காதலைச் சொல்ல வாய் வராமல் மழையில் நிற்கிறவள். சாயங்காலம் ராட்சத எந்திரத்துக்குள் உட்கார்ந்து, தானே அழித்த ஊருக்காக அழும் சிப்பாய். நடுவில் ரொட்டிக்கடை நடத்தும் பூனை வேறு. இத்தனை பேரும் அவள் தொண்டையில்தான் குடியிருந்தார்கள்.

அடிவாங்கும் சத்தங்களை மட்டும் கடைசியில் பதிவு செய்வார்கள். முதலிலேயே கத்தினால் தொண்டை கட்டிக்கொண்டு மற்ற வசனமெல்லாம் பாழாகிவிடும். அந்த அலறலில் ராணியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

தினமும் சாயங்காலம் சமையலறையில் ஒத்திகை பார்ப்பாள். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்கார அக்கா. ராணி சாவியைத் தொலைக்கிற ஜாதி என்பதால் மாற்றுச் சாவி அக்காவிடம்தான் இருக்கும். ஒத்திகை முடிந்ததும் அக்கா கத்தரிக்கோல் பிடியால் சுவரில் தட்டுவாள். அதுதான் கைதட்டல். ராணி உடனே பூனைக் குரலில், "ரொட்டி சூடா இருக்கு, மியாவ்!" என்பாள். அந்தப் பக்கம் மெஷின் நின்று சிரிப்பு கேட்கும்.

இந்த வசதியை ராணியின் புருஷன் கண்டுபிடித்துவிட்டான். ஒத்திகை நேரம் பார்த்துத்தான் கை ஓங்குவான். அவள் எவ்வளவு கத்தினாலும் அக்காவுக்கும் மாடி வீட்டுக்காரருக்கும் அது கார்ட்டூன். மூக்கில் ரத்தம் ஒழுக அவள் பூனையாகப் பேசிய சாயங்காலங்கள் உண்டு. வெட்கங்கெட்டவன் அவன், வெட்கப்பட்டதென்னவோ அவள்.

அன்றைக்கு அவளுக்கு முதன்முறையாகக் கதாநாயகி வேடம் வந்திருந்தது. வாள் பிடிக்கும் பெண். மறுநாள் பதிவு.

"ஊரு பூரா உன் குரலக் கேக்கணுமோ? நாளைக்கு எப்படிப் பேசுறேன்னு பாக்கறேன்."

புருஷன் அவள் தலைமயிரைப் பிடித்துத் தலையை அலமாரியில் மோதினான். குக்கர் மூடியால் தோளில் அடித்தான். விழுந்தவளின் விலாவில் உதைத்துவிட்டு, மேலே ஏறி உட்கார்ந்து தொண்டையைப் பிடித்தான். பிடி இறுகுமுன் ராணி உயிரைக் கொடுத்து அலறினாள்.

சுவரில் டொக், டொக்.

அவன் சிரித்தான். "கேட்டியா? கைதட்டுறா. பூனையப் பேசு."

பிடி தளர்ந்தது. ஒரு வசனத்துக்குப் போதுமான மூச்சு கிடைத்தது. காப்பாத்துங்க என்று கத்தலாம். ஆனால் போன வாரம் முழுக்க அதே வசனத்தைத்தான் அவள் ஒத்திகை பார்த்திருந்தாள். ராணி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

"பேசுடி!"

முகத்தில் குத்தினான். உதடு கிழிந்தது. அவள் முனகக்கூட இல்லை. கையை முறுக்கினான், உதட்டைக் கடித்து ரத்தத்தை விழுங்கினாள். வலியில் கண் இருண்டது. எத்தனையோ சாவுகளுக்குக் கத்திக் கொடுத்தவள் தன் சாவுக்கு வாய் திறக்காமல் கிடந்தாள்.

மறுபடியும் டொக், டொக். அப்புறம் அக்காவின் குரல். "எங்கம்மா என் பூனை?"

அவனுக்கு வேர்த்தது. அந்த மடையனுக்கு அப்போது என்ன தோன்றியதோ, சுவரைப் பார்த்துத் தானே கத்தினான். "மியாவ்!"

சுவருக்கு அப்பால் தையல் மெஷின் நின்றது. சிரிப்பு வரவில்லை. கொஞ்ச நேரத்தில் வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

துணி வெட்டும் பெரிய கத்தரிக்கோலோடு அக்கா சமையலறை வாசலில் நின்றாள்.

"ரிகர்சல் நடக்குதுக்கா," என்றான். கை இன்னும் ராணியின் கழுத்தில் இருந்தது.

அக்கா தரையில் கிடந்த ரத்தத்தைப் பார்த்தாள். கத்தரிக்கோலின் இரும்புப் பிடியை ஓங்கி அவன் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறியும் சத்தம் கேட்டது. அவன் அலறிய அலறலில் பாத்திரங்கள் அதிர்ந்தன. அவள் மறுபடி ஓங்கியதும், கையைப் பிடித்துக்கொண்டு மூலையில் சுருண்டான்.

மாடி வீட்டிலிருந்து ஓர் ஆண் குரல் சந்தோஷமாகக் கேட்டது. "பிரமாதம்! யாரும்மா அது, புது ஆளா?"

ராணி கிழிந்த வாயைத் திறந்தாள். தன் சொந்தக் குரலில் மேலே பார்த்துச் சொன்னாள்.

"இது ரிகர்சல் இல்லண்ணே. இதுக்கு முந்தியும் பல நாள் ரிகர்சல் இல்ல. கீழ வாங்க."