வாசலில் நட்ட முரசுக்கல்

பெய்ஜிங் முரசுக் கோபுரத்துக்குப் பின்னால் இருக்கிற சந்தில், டெங்கையின் வீட்டுச் சுவரில் வட்டம் போட்டு 'இடி' என்று நகராட்சி ஆட்கள் வெள்ளைச் சாயத்தில் எழுதிவிட்டுப் போனார்கள். அன்றைக்கு அவன் மனைவி மேய்ரோங்குக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஊருக்கு வெளியே அடுக்குமாடியில் வீடு தருவார்களாம். யாருக்கு வேண்டும் அது? இந்த வீட்டுக் கிழக்கு அறையில்தான் அவள் மகள் யாச்சின் பிறந்தாள். பள்ளிக்கூடம் போகிற வயசில் மூளைக்காய்ச்சல் வந்து செத்ததும் அங்கேதான். அந்த அறையை விட்டால் வேறு எங்கே உட்கார்ந்து அவளை நினைப்பது?

டெங்கை பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவன். பெய்ஜிங்கில் பிறந்தவன் எவனுக்கும் வாய்க்குக் குறைச்சல் கிடையாது, இவனுக்குக் கொஞ்சம் அதிகம்.

"பெரிய மனுஷன் வாழ்ந்த வீடுன்னா தொடமாட்டானுங்க. நாம பெரிய மனுஷனாயிடுவோம்" என்றான்.

பக்கத்துச் சந்தில் ஏற்கெனவே இடித்துத் தள்ளிய மாளிகையின் வாசல் கற்கள் இரண்டு மண்ணில் கிடந்தன. முரசு மாதிரி வட்டமாகச் செதுக்கிய கற்கள். மன்னர் காலத்தில் படைத்தலைவன் வீட்டு வாசலில்தான் அதை வைப்பார்கள். டெங்கை அவற்றை மூன்று சக்கர வண்டியில் ஏற்றி வந்து தன் வாசலில் நட்டான். இறக்கும்போது கால் பெருவிரல் நசுங்கியது.

"யோவ், பிச்சைக்காரன் தலையில பட்டுத் தலப்பா மாதிரி இருக்குய்யா."

"சும்மா இருடி. யாராச்சும் கேட்டா, அந்தக் காலத்துல இங்க ஒரு தளபதி இருந்தாருன்னு சொல்லு."

புராதனத் துறையிலிருந்து வந்த கண்ணாடிக்காரர் அந்தக் கல்லைக் குழந்தையைத் தடவுவதுபோல் தடவினார். டெங்கை அவிழ்த்துவிட்டான் பாருங்கள்! வடக்கு எல்லைச் சண்டை, தளபதியின் வெள்ளைக்குதிரை, மன்னர் கையால் கொடுத்த வாள். மேய்ரோங் தேநீர் ஊற்றிக்கொண்டே ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

முற்றத்து இலந்தை பழுப்பதற்குள் சேதி வந்துவிட்டது. வீட்டை இடிக்கப் போவதில்லை. டெங்கை சோளச் சாராயம் குடித்துவிட்டு ராத்திரி முழுக்கப் பாடினான். மேய்ரோங் கிழக்கு அறையில் படுத்து நிம்மதியாகத் தூங்கினாள்.

அடுத்த வாரம் அதே கண்ணாடிக்காரர் வந்தார்.

"இது இப்போ புராதனச் சின்னம், இதுல குடித்தனம் இருக்க முடியாதும்மா. அடுப்பு, புகை, கரி... நீங்களே சொல்லுங்க, தளபதி வீட்டுல வெள்ளைப்பூண்டு தாளிக்கலாமா?"

தன் வாயாலேயே கெட்டான் மனுஷன். அவன் மட்டுமா? தலையாட்டியது யார்? மேய்ரோங் புருஷனைத் திட்டினாள், தன்னையும் திட்டிக்கொண்டாள். மூட்டை முடிச்சோடு அடுக்குமாடிக்குப் போனார்கள்.

தளபதி கதையை டெங்கையைவிட நன்றாகச் சொல்ல யாருண்டு? வீட்டைக் காட்சிக்கூடமாக்கி, வருகிறவர்களுக்குக் கதை சொல்ல, நீளமான அங்கி போட்டுவிட்டு அவனையே அங்கே வேலைக்கு வைத்துக்கொண்டார்கள். அவனும் கூசாமல் போனான். சும்மா கிடப்பதற்கு இது தேவலை என்றான். மேய்ரோங் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆனால் யாச்சின் செத்த நாள் வந்தபோது மனசு கேட்கவில்லை. நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சொந்த வீட்டுக்குள் போனாள்.

கிழக்கு அறைக்குக் குறுக்கே சிவப்புக் கயிறு. உள்ளே ஒரு புதுவாள், 'தளபதியின் ஆயுத அறை' என்று பலகை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் டெங்கை கூட்டத்துக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். தெற்கிலிருந்து சுற்றிப்பார்க்க வந்த ஒரு பெண் கேட்டாள்.

"தளபதிக்கு அப்புறம் இங்க யார் இருந்தாங்க?"

அப்போதுதான் அவன் மேய்ரோங்கைப் பார்த்தான். மேற்பார்வையாளர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

"யாரும் இல்லீங்க. பூட்டித்தான் கெடந்துச்சு."

"பூட்டிக் கெடந்த வீட்டுல எம்பொண்ணு எப்படிய்யா செத்தா?" என்று மேய்ரோங் கத்தினாள்.

கூட்டம் திரும்பிப் பார்த்தது. டெங்கை அங்கியைச் சரிசெய்துகொண்டான்.

"இப்படி வாங்க. அடுத்தது தளபதியோட குதிரை லாயம்."

எல்லோரும் அவன் பின்னால் போனார்கள்.