திரை மூடாத தெரு

அப்பாவின் சவப்பெட்டி கிளம்பும் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஈனிட் இன்னும் வீடு வீடாகக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கேட்டது பெரிய வரமொன்றும் இல்லை. அந்தக் கடற்கரை ஊரில் சாவு வண்டி தெருவைத் தாண்டும்வரை, செத்தவருக்கு மரியாதையாக, எல்லா வீட்டிலும் தெருப்பக்கத்து ஜன்னல் திரையை இழுத்து மூடிவைப்பார்கள். குடிகாரன் செத்தாலும் மூடுவார்கள், திருடன் செத்தாலும் மூடுவார்கள். அவள் அப்பா செப்டிமஸ் கரோபிக்கு மட்டும் ஒருத்தரும் அசையவில்லை.

எப்படி அசைவார்கள்? மனிதர் வாயைக் கட்டியிருந்தால்தானே! பிசாசைக் கூப்பிட்டேன், ஆவியோடு விருந்து சாப்பிட்டேன் என்று ஆயுசு முழுக்கப் புத்தகம் புத்தகமாக எழுதித் தள்ளினார். நாட்டிலேயே கொடியவன் என்று பத்திரிகையில் போட்டால் அதைக் கத்தரித்துச் சுவரில் ஒட்டிக்கொண்டு குதூகலித்தார். கடைசியில் இந்தத் தெருவில் ஒரு வாடகை அறையில் இருமி இருமிச் செத்தார். பக்கத்தில் ஒரு நாதி இல்லை.

எதிர்வீட்டு டப் அம்மாள் கதவைப் பாதிதான் திறந்தாள்.

"திரையா? அந்த ஆளுக்கா? பெத்த பொண்ணையே பலி குடுத்தவனாச்சே, கண்ணு!"

"அது என் தங்கச்சி லாட்டிங்க. தொண்டை அடைப்பான் காய்ச்சல் வந்து செத்தா. நான் பக்கத்துலயே இருந்தேன். அப்பா அவளை மடியில போட்டுக்கிட்டுக் கதறி அழுதாரு."

"அப்புறம் ஏன் பலி குடுத்தேன்னு அந்த ஆளே எழுதினாரு?"

இதே கேள்வியைத்தான் ஈனிடும் அப்பாவிடம் கேட்டிருந்தாள். "காய்ச்சல்ல செத்த குழந்தையை எவன் ஞாபகம் வெச்சுக்குவான்?" என்றார் அவர். அன்றோடு பேச்சை முறித்துக்கொண்டு போனவள், இன்றைக்குத்தான் வந்திருக்கிறாள். பாவி மனிதன், செத்த பிள்ளையைக்கூட விற்றுத் தின்றாரே!

"தெரியலைங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

குதிரை பூட்டிய சவ வண்டி முன்னால் போக, அவள் உட்கார்ந்திருந்த கார் பின்னாலேயே மெல்ல ஊர்ந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் முகங்கள். பெட்டியிலிருந்து புகை கிளம்புமா, குதிரை மிரளுமா என்று திரையை ஒதுக்கிக் கட்டிவிட்டு வேடிக்கை பார்த்தார்கள். டப் அம்மாள் பேத்தியைத் தூக்கி வேறு காட்டினாள்.

"உங்க பக்கத்துத் திரையை இறக்கி விட்டுக்குங்கம்மா" என்றார் ஓட்டுநர். "இதுங்க பார்வையே சரியில்லை."

காரின் ஜன்னலிலும் ஒரு கறுப்புத் திரை இருந்தது. ஈனிட் அதன் நுனியைப் பிடித்தாள். மகளாகச் செய்யவேண்டியதைச் செய்வது, ஆனால் இந்த மனிதருக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் விடுவதில்லை என்று ரயிலில் வரும்போதே சபதம் எடுத்திருந்தாள். லாட்டியை மடியில் போட்டுக்கொண்டு அழுத அந்த முகம் குறுக்கே வந்து நின்றது. அதைப் பார்த்தவள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

திரையை இறக்கினாள். அவருக்காக அன்றைக்கு அந்தத் தெருவில் மூடிய திரை அது ஒன்றுதான். அதற்குப் பின்னால் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.