ஏற்றத்துக்கு ஏற்ற வால்வு

பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவருக்குப் பஸ்ஸில் பயணம் செய்வதென்றாலே வேப்பங்காய். வேறொருவர் ஓட்ட, பின்னால் சும்மா உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. வளைவு வரும்போதெல்லாம் வலது கால் தானாகவே இல்லாத பிரேக்கைத் தேடி மிதிக்கும். "மெதுவா, மெதுவா" என்று வாய் முணுமுணுக்கும். ஒரு தடவை ஓட்டுநர் வண்டியை ஓரம் கட்டிவிட்டு, "பெரியவரே, நீங்களே வந்து ஓட்டிருங்க" என்று எழுந்தே விட்டார். அதிலிருந்து மனைவியை எங்கே அழைத்துப் போவதென்றாலும் வீட்டிலிருந்த பழைய மோட்டார் சைக்கிள்தான்.

அந்த வண்டி அவரைவிட வயதில் மூத்தது. ஒற்றை சிலிண்டர், அதன் தலையில் மூடியாக வார்ப்பிரும்பு ஹெட். சமதளத்தில் ராஜா மாதிரி போகும். மகளும் மருமகனும் வாத்தியார் வேலை பார்த்த பள்ளிக்கூடம் மலை மேல் இருந்ததுதான் வம்பாகப் போயிற்று. கடைசி ஏற்றத்தில் வண்டிக்கு மூச்சு வாங்கும். மனைவி இறங்கிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நடப்பாள். அவர் முதல் கியரில் பக்கத்திலேயே ஊர்ந்து போவார். போன முறை, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்த பால்காரர் ஒருவர் இருவரையும் தாண்டிப் போனார். போகிற போக்கில், "ஒரு கை குடுக்கட்டுமாண்ணே?" என்று வேறு கேட்டார்.

மனைவி சிரித்துவிட்டாள். அவருக்குச் சுருக்கென்றது.

வீடு திரும்பியதும் ஹெட்டைக் கழற்றிச் சாப்பாட்டு மேசை மேல் வைத்தார். பழைய நாட்காட்டித் தாளைத் திருப்பிப் போட்டு, பென்சிலால் இரண்டு பெரிய வட்டங்கள் வரைந்தார். காற்றும் பெட்ரோலும் உள்ளே போகிற வால்வு ஒன்று, புகை வெளியேறுகிற வால்வு ஒன்று. இரண்டையும் பெரிதாக்கிவிட்டால் வண்டி பறக்கும் என்பது அவர் கணக்கு.

"அழகாத்தான் வரைஞ்சிருக்கீங்க. யார்கிட்ட குடுக்கப் போறீங்க?" என்று மனைவி கேட்டாள்.

அங்கேதான் சிக்கல். வால்வு உட்காரும் இடத்தைப் பிசகில்லாமல் கடைந்து கொடுக்க ஊரில் இருந்தது ஒரே ஆள். லேத் பட்டறை நடத்தும் அந்த அம்மாளை ஊரே லேத்தம்மா என்று கூப்பிடும். மகளுக்கு மாமியார், அதாவது இவர்களுக்குச் சம்பந்தி. கல்யாணம் ஆனதிலிருந்து இரண்டு வீட்டுக்கும் நடுவே பேச்சு, 'வாங்க, உக்காருங்க, சௌக்கியமா' என்பதைத் தாண்டியதே இல்லை. மரியாதை அப்படி விறைத்துக் கிடந்தது.

"பொண்ணு குடுத்த இடத்துல போய் வேலை வாங்கிக்கிட்டு, நாளைக்கு ஒரு மனஸ்தாபம்னா நம்ம புள்ளைக்குத்தான் சங்கடம். வேற எங்கயாவது பாருங்க."

பார்த்தார். சந்தைப் பக்கத்துப் பட்டறைக்காரர் ஹெட்டைக் கையில் வாங்கி, உள்ளே எட்டிப் பார்த்து, கைக்குழந்தையைத் திருப்பித் தருவது போலப் பதவிசாகத் திருப்பிக் கொடுத்தார். "இது லேத்தம்மா வேலைங்க. நான் தொட்டா என் பேரும் கெடும், உங்க ஹெட்டும் கெடும்."

வேறு வழியில்லை. ஹெட்டைச் சுத்தமான துண்டில் சுற்றித் துணிப்பையில் போட்டுக்கொண்டு சம்பந்தியின் பட்டறை வாசலில் போய் நின்றார். லேத்தம்மா இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு ஓடி வந்தார். பையைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"வாங்க சம்பந்தி, வாங்க. வரும்போது எதுக்கு இதெல்லாம்?"

"இது... ஹெட்டு, சம்பந்தியம்மா."

லேத்தம்மா ஒரு கணம் விழித்தார். பிறகு பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். துண்டைப் பிரித்து, ஹெட்டை விளக்கடியில் வைத்து, விரல் நுனியால் உள்ளே தடவிப் பார்த்தார். வந்தவர் தன் நாட்காட்டித் தாளையும் பக்கத்தில் விரித்து வைத்தார். லேத்தம்மா அதையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நல்லாத்தான் இருக்கு," என்றார் கடைசியில்.

"என்னமோ சொல்ல வர்றீங்க."

"ஒண்ணுமில்ல சம்பந்தி. நல்லா இருக்கு."

காலமெல்லாம் டிப்போ மெக்கானிக்குகளோடு பழகியவர் அவர். நல்ல மெக்கானிக் 'ஒண்ணுமில்ல' என்றால் வண்டியை எடுக்கக் கூடாது என்று தெரியும்.

"சம்பந்தியா பேசாதீங்க. லேத்தம்மாவா பேசுங்க."

"பேசலாமா?"

"தாராளமா."

"அப்ப மொதல்ல அந்தப் படத்தை மடிச்சுப் பையில வைங்க. இது ஹெட்டைச் சாகடிக்கிற திட்டம்."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. லேத்தம்மா அதையெல்லாம் கவனிக்கவில்லை. டார்ச்சை அடித்து, இரண்டு வால்வுத் துளைகளுக்கும் நடுவில் இருந்த இரும்பைக் காட்டினார்.

"இப்பவே இங்க இவ்வளவுதான் இருக்கு. ரெண்டையும் பெருசாக்கினா நடுவுல மிஞ்சுறது முட்டை ஓடு. சூடு ஏறி இறங்க, ஏறி இறங்க, ஒரு நாள் விரிசல் விட்டுரும். அப்புறம் நீங்க இதைக் கதவுக்கு முட்டுக் குடுக்கத்தான் வெச்சுக்கணும்."

"எல்லாரும் பெரிய வால்வுதானே போடுறாங்க?"

"அவங்க பந்தயத்துக்குப் போறவங்க. உங்களுக்கு என்ன வேணும்? வேகமா, இழுவையா?"

"வேகந்தான்," என்றார் விறைப்பாக.

லேத்தம்மா டார்ச்சை அணைத்துவிட்டு அவரையே பார்த்தார். அவரோ கண்ணை லேத்துக்கும் சுவருக்குமாக அலைய விட்டார். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "மலையில, கடைசி மேட்டுல, அவ இறங்கி நடக்குறா. எனக்கு அது ஒரு மாதிரியா இருக்கு."

லேத்தம்மா சிரிக்கவில்லை. முக்காலியை இழுத்துப் போட்டார். "இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமே. உக்காருங்க."

பேச்சு சூடு பிடித்தது. தோட்டத்துக் குழாய் வாயை விரலால் பாதி அடைத்தால்தானே தண்ணீர் பீய்ச்சி அடிக்கும்? ஏற்றத்தில் இஞ்சின் மெதுவாகச் சுற்றும்போதும் அப்படித்தான். துளை பெரிதாக இருந்தால் காற்று சோம்பேறியாகிவிடும். அதனால் காற்று போகும் வால்வு பழைய அளவிலேயே இருக்கட்டும். போகிற வழியை மட்டும் வழவழப்பாக்கலாம். புகை வால்வுதான் சூட்டில் வேகிறது. அதற்கு நல்ல எஃகில் புது வால்வும், அது உட்காரக் கெட்டியான ஒரு வளையமும் போதும். வால்வுத் தண்டு ஆடுவதால் அதைத் தாங்கும் கைடுக் குழல் இரண்டும் புதிது. ஹெட்டின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் சீவினால் அழுத்தம் கூடும், இழுவையும் கூடும்.

இந்தக் கடைசிச் சங்கதியில்தான் இருவருக்கும் முட்டிக்கொண்டது.

"ரொம்ப சீவிராதீங்க. வால்வு கீழ வந்து பிஸ்டன்ல இடிக்கும்," என்றார் அவர்.

"நான் எத்தனை ஹெட்டு சீவியிருக்கேன் தெரியுமா சம்பந்தி?"

வேலை முடிந்து ஹெட் வீடு வந்தபோது லேத்தம்மாவும் கூடவே வந்தார். இடிக்கிறதா இல்லையா என்று பார்த்துவிடுவதாகப் பேச்சு. பிள்ளைகள் விளையாடும் களிமண்ணை வீட்டுக்காரர் வாங்கி வைத்திருந்தார். அதைப் பிஸ்டன் தலையில் அப்பி, ஹெட்டை ஏற்றி முடுக்கி, இஞ்சினைக் கையாலேயே மெல்லச் சுற்றி, மறுபடி கழற்றினார்கள். களிமண்ணில் இரண்டு வால்வுகளும் பிறை பிறையாகப் பதிந்திருந்தன. சமையலறைக் கத்தியால் குறுக்கே அறுத்துப் பார்த்தபோது, புகை வால்வுப் பக்கம் களிமண் காகிதம் போல மெலிந்திருந்தது; வால்வுக்கும் பிஸ்டனுக்கும் நடுவே மிஞ்சிய இடைவெளி அவ்வளவுதான்.

"நான்தான் சொன்னேனே!" என்று அவர் கத்தினார்.

"கத்தாதீங்க, எனக்கும் கண்ணு இருக்கு!" என்று லேத்தம்மா திருப்பிக் கத்தினார்.

மனைவி பதறியடித்துக்கொண்டு உள்ளேயிருந்து வந்தாள். "ஐயையோ, சம்பந்தியம்மாகிட்ட என்னங்க இது? நீங்க தப்பா எடுத்துக்காதீங்க சம்பந்தியம்மா..."

"அவர் கத்தட்டும் விடுங்க. அவர் சொன்னதுதான் சரி. நான் ஒரு இழை கூடுதலா சீவிட்டேன்," என்றார் லேத்தம்மா, கத்தியைத் துடைத்தபடி. "கெட்டியான செம்புத் தகட்டுல கேஸ்கெட் வெட்டி அடியில போட்டா ஹெட்டு உசந்து சரியாயிரும். கொஞ்சம் டீ போடுறீங்களா? உங்க வீட்ல நான் வாய் விட்டுக் கேக்குறது இதுதான் மொதல் தடவை."

மனைவி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். என்ன நினைத்தாளோ, டீயோடு தனக்கும் ஒரு தம்ளர் எடுத்து வந்து, எண்ணெய்க் கறை பட்ட தரையிலேயே அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

செம்புத் தகடு போட்டபின் களிமண் போதிய தடிமனில் நின்றது. புது வால்வு பழகும் வரை உள்ளூரிலேயே நிதானமாக ஓட்டினார். பிறகு ஒரு விடுமுறை நாளில் மலைக்குக் கிளம்பினார்கள். "நான் பஸ்ல வந்துர்றேன். மேல பாப்போம்," என்று லேத்தம்மா முன்னதாகவே போய்விட்டார்.

கடைசி ஏற்றம் வந்தது. பின்னால் மனைவி பையைத் தோளில் மாட்டுவது கண்ணாடியில் தெரிந்தது.

"எங்க கிளம்பிட்ட?"

"இறங்கத்தான்."

"பேசாம உக்காரு."

கியரை ஒரு படி குறைத்தார். வண்டி திணறவில்லை. ஆட்டுக்கல்லில் மாவு அரைபடுவது போல ஒரே சீராக, தொம் தொம் என்று ஏறிற்று. பாதி மேட்டில் மனைவியின் கை அவர் தோளைப் பிடித்தது. முன்னால் போன சரக்கு வண்டியை அவர் தாண்டவில்லை. தாண்ட வேண்டும் என்றும் தோன்றவில்லை. அதன் பின்னாலேயே சுகமாகப் போனார்.

பள்ளிக்கூடத்துக் குடியிருப்பு வாசலில் லேத்தம்மா நின்றுகொண்டிருந்தார். கையில் வால்வு இடைவெளி பார்க்கும் மெல்லிய தகடுகள். "இறங்கினாங்களா?" என்பதுதான் முதல் கேள்வி.

"இல்லவே இல்ல!" என்று மனைவி வண்டியில் இருந்தபடியே கத்தினாள்.

லேத்தம்மாவின் முகமெல்லாம் பல்லாயிற்று. "சரி, மொதல் தடவையா தூரமா ஓடியிருக்கு. வால்வு இடைவெளியைப் பாத்துரணும்." ஹெட்டில் விரலை வைத்தவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "ஆறட்டும். சூட்டோட பாத்தா அளவு தப்பும்."

"எல்லாரும் உள்ள வாங்க, சாப்பாடு எடுத்து வெச்சாச்சு," என்று மகள் கூப்பிட்டாள். மனைவி மட்டும் உள்ளே போனாள். இரண்டு சம்பந்திகளும் வாசற்படியில் உட்கார்ந்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் குரல்கள் உயர்ந்தன.

மருமகன் கவலையோடு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். "அம்மாவும் மாமாவும் சண்டை போடுறாங்களா?"

"இல்ல மாப்பிள்ள," என்றாள் அவனுடைய மாமியார், சாப்பாட்டுத் தட்டுகளை வாசலுக்கு எடுத்துப் போனபடி. "கார்புரேட்டர் பத்திப் பேசிக்கிட்டு இருக்காங்க."