காற்று அதிகமுள்ள தெரு

வானத்திலிருந்து வந்த அந்தக் கலம் பிஸ்கட் தொழிற்சாலைக்குப் பின்னால் இறங்கியது ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கடைகள் திறந்திருந்தன, பள்ளிக்கூடம் சாப்பாட்டுக்கு விட்டிருந்தது, ஆகையால் ஊரே பார்த்தது. சினிமாக் கொட்டகை அளவு இருந்தது என்றார்கள் பார்த்தவர்கள். அவ்வளவெல்லாம் இல்லை என்றார் கொட்டகை முதலாளி. இறங்கும்போது சத்தமே இல்லை. தொழிற்சாலை அடுப்பில் வெந்துகொண்டிருந்த பிஸ்கட்டுகள் மட்டும் திரும்ப மாவாகிவிட்டன. வேறு சேதம் எதுவும் கிடையாது.

முதலில் போய்ச் சேர்ந்தவர் அரசு ஆஸ்பத்திரியின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். எதற்கும் பதறாத மனிதர். ஏறினவன் பிழைப்பது அவன் பாடு, நேரத்துக்குப் போவது என் பாடு என்று சொல்லிச் சொல்லியே பாதிப் பேரைப் பிழைக்க வைத்தவர். கலத்தின் வாசலில் இரண்டு பேர் கிடந்தார்கள். ஒருவர் இறந்திருந்தார். இன்னொருவர் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் உயரம். நனைந்த கண்ணாடி போன்ற உடம்பு. அந்த முகத்தில் எது மூக்கு எது வாய் என்று யாருக்கும் நிச்சயமில்லை, ஆனால் அதிலிருந்த பயத்தை மட்டும் எல்லோரும் பார்த்தவுடன் அடையாளம் கண்டுகொண்டார்கள். ஸ்ட்ரெச்சர் அந்த வாசலில் நுழையவில்லை. ஓட்டுநர் குனிந்து, முதுகில் ஏற்றிக்கொண்டு, வண்டிக்கு நடந்தார்.

குழந்தைகள் வார்டில்தான் அளவான கட்டில் இருந்தது. அங்கே இறக்கிப் படுக்க வைத்தபோது அது அவருடைய வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்தது. பிடித்ததுதான், விடவில்லை. பெரிய டாக்டர் வந்து ஸ்டெதஸ்கோப்பை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் தடுமாறி, கடைசியில் பழக்கதோஷத்தில் தன் நெஞ்சிலேயே வைத்துக் கேட்டுவிட்டு, "துடிப்பு நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனார். நர்சுகள் அதற்கு விருந்தாளி என்று பெயர் வைத்தார்கள். பக்கத்துக் கட்டில் குழந்தைகள் முதல் நாள் அழுதன, மறுநாள் பொம்மை கொடுத்தன.

ஓட்டுநரின் மனைவி கடைத்தெருவில் தையல் கடை வைத்திருந்தாள். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, காவல் நிலையம் என்று ஊரில் யார் சீருடை போட்டாலும் அது அவள் மெஷினில் ஓடி வந்ததாகத்தான் இருக்கும். வேளாவேளைக்குச் சாப்பாடு கொண்டுவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, கணவருக்கு ஊட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில்கூட அவள் அதைச் செய்ததில்லை. நர்சுகள் கேலி செய்தார்கள்.

"ஏங்க, இது விடவே மாட்டேங்குதே?"

"தெரியாத ஊரு. கூட வந்தவனும் போயிட்டான். யாரையாவது பிடிச்சுக்கணும்னு தோணாதா?"

சில நாட்களில் அந்த விரல் தெரியாமல் போயிற்று. இருந்தது, தொட்டால் அகப்பட்டது, நகம் வளர்ந்தது, ஆனால் கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு உள்ளங்கை, பிறகு மணிக்கட்டு. வலிக்கிறதா என்று கேட்டாள். சில்லென்று இருக்கிறது என்றார். அவள் தடவித் தடவி அளவெடுத்து, பிடியிலிருந்த விரலை மட்டும் வெளியே விட்டு, பக்கவாட்டில் பொத்தான் போடும்படி கறுப்புத் துணியில் ஒரு கையுறை தைத்துக்கொண்டு வந்தாள். விரல் சந்துகளில் ஒரு சுருக்கம்கூட இல்லை. பார்க்க வருகிறவர்கள் விருந்தாளியை விட்டுவிட்டு அந்தத் தையலைப் பாராட்டினார்கள்.

அடுத்த வாரக் கடைசியில் லாரிகள் வந்தன. முன்னால் வந்த ஜீப்பிலிருந்து இறங்கியவன் தையல்காரியின் தம்பி. அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவள் இரவு பகலாக மெஷின் மிதித்துப் படிக்க வைத்த தம்பி. தலைநகரில் விளக்கத் துறையில் அதிகாரியாக இருந்தான். நடந்துவிட்டவற்றை நடக்கவில்லை என்று மக்களுக்கு விளக்குவது அந்தத் துறையின் வேலை. சொந்த ஊர்க்காரன் சொன்னால் ஊர் கேட்கும் என்று மேலிடம் அவனையே அனுப்பியிருந்தது. விருந்தாளியை மட்டும் கொண்டுபோகத்தான் உத்தரவு. ஆனால் எவ்வளவு இழுத்தும் அது விரலை விடவில்லை, ஆகையால் விரலோடு சேர்த்து ஆளையும் லாரியில் ஏற்றினார்கள். ஓட்டுநர் முரண்டு பிடிக்கவில்லை. இன்னொருவர் ஓட்டும் வண்டியில் பின்னால் உட்காருவதுதான் அவருக்குக் கொஞ்சம் சங்கடமாக இருந்தது.

தையல்காரி தம்பியின் சட்டையைப் பிடித்தாள். அவள் தைத்துக் கொடுத்த சட்டைதான்.

"மாமாவை எங்கேடா கூட்டிட்டுப் போறே?"

"சும்மா ஒரு பரிசோதனைக்கா. சாயங்காலம் நானே கொண்டுவந்து விட்டுடறேன்."

"சாப்பிடாம இருக்கார்டா."

"நான் பாத்துக்கறேன்க்கா. எனக்கும் அவர் மாமாதானே?"

அன்று சாயங்காலம் வந்தது, அதற்கு அடுத்த சாயங்காலமும் வந்தது. மாமா வரவில்லை. தம்பி மட்டும் ஒலிபெருக்கி கட்டிய வண்டியில் வந்தான். இறங்கியது வானிலைத் துறையின் பலூன் என்று முதலில் விளக்கினான். பலூனுக்கு வாசற்படி உண்டா என்று யாரோ கேட்டார்கள். தொழிற்சாலையின் பழைய கொதிகலன் என்றான். கொதிகலன் மேலிருந்தா வரும் என்று கேட்டார்கள். கடைசியில், அன்றைக்கு ஊருக்கே கண் வலி, தொற்றுநோய், பார்த்ததெல்லாம் நோயின் அறிகுறி என்று சொல்லி, சந்தைத் திடலில் மேஜை போட்டுச் சொட்டு மருந்து ஊற்ற ஏற்பாடு செய்தான். ஊர் வரிசையில் நின்றது. பயந்து நின்றவர்கள் கொஞ்சம்தான். இலவசமாகக் கிடைக்கிறதே என்று நின்றவர்கள்தான் அதிகம். பெரிய டாக்டரும் நின்றார். முகத்தை மேலே தூக்கி, கண்ணை மூடி மூடித் திறந்து, கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். அதற்குப் பிறகு ஓட்டுநரைப் பற்றிப் பேச்செடுத்தால் எல்லோருக்கும் கண் அரித்தது.

தொழிற்சாலைக்குப் பின்னால் பெரிய மதில் எழும்பியது. உள்ளே ஒன்றுமில்லை என்று வெளியே எழுதி வைத்தார்கள். ஒன்றுமில்லாத இடத்துக்குக் காவல் போட்டார்கள், அந்தக் காவலர்களுக்குச் சீருடை வேண்டியிருந்தது, ஊரில் தையல் கடை ஒன்றுதான். தையல்காரி மறுக்கவில்லை. ஒவ்வொருவனாகக் கடைக்கு வந்து கையைத் தூக்கிக்கொண்டு நின்றான். நெஞ்சளவு எடுக்கும்போது ஒவ்வொருவனிடமும் தாழ்ந்த குரலில் ஒரே கேள்வியைக் கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"அங்க யாரும் இல்லம்மா" என்றார்கள். ஒருவன் மட்டும், ஒல்லியானவன், கழுத்தளவு கொடுத்துக்கொண்டிருந்தபோது சுவரைப் பார்த்தபடி, "சாப்பிடறார்" என்றான். அவள் நாடாவைக் கீழே போட்டுவிட்டாள். எடுத்து மறுபடி அளந்தாள். அவன் சட்டை வாங்க வரவில்லை, வேறெங்கோ மாற்றிவிட்டார்கள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அவள் பல வருஷம் ஓட்டினாள்.

இடையில் ஒரு தடவை ரயிலேறித் தலைநகருக்குப் போனாள். தம்பிக்குத் தனி அறை, தரையில் கம்பளம், கூப்பிட மணி. எழுந்து நின்று, அக்காவை உட்கார வைத்து, காபி வரவழைத்தான். அவள் மாமாவைப் பற்றிக் கேட்டபோது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"எந்த மாமா?"

"என்னைக் கட்டினவர்டா."

"அக்கா, உனக்குக் கல்யாணமே ஆகலையே."

அவன் அதை முரட்டுத்தனமாகச் சொல்லவில்லை. காய்ச்சலில் பிதற்றுகிறவளிடம் பேசுவதுபோல் கனிவாகச் சொன்னான். கலம் வரவில்லை என்றால் விருந்தாளி இல்லை. விருந்தாளி இல்லை என்றால் விரலைப் பிடித்திருக்க முடியாது. அப்படிப் பின்னாலேயே போனால் அந்த ஆஸ்பத்திரிக்கு அப்படி ஓர் ஓட்டுநரே இருந்ததில்லை. இல்லாதவர் எப்படிக் கல்யாணம் செய்துகொள்வார்? கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவள் காபியைத் தொடாமல் எழுந்தாள். "உன்னைப் படிக்க வெச்சதும் நடக்கலைன்னு சொல்லிடு. எனக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். அன்றிலிருந்து அவன் அனுப்பிய எதையும் அவள் பிரித்ததில்லை.

மெஷினுக்கு எதிரே ஓர் ஆணியில் கணவருடைய வெள்ளைச் சட்டையை மாட்டி வைத்திருந்தாள். அழுக்கானாலும் ஆகாவிட்டாலும் வாரத்துக்கொரு முறை துவைத்து, இஸ்திரி போட்டுத் திரும்ப மாட்டுவாள். மழை ஓய்ந்த ஒரு காலையில், பள்ளிக்கூடச் சீருடையின் பொத்தான் துளைகளுக்குக் காஜா எடுத்துக்கொண்டிருந்தபோது, அந்தச் சட்டை ஆணியிலிருந்து இறங்கியது. ஒரு கை நுழைந்தது, மறு கை நுழைந்தது, பொத்தான்கள் கீழிருந்து மேலாகப் போட்டுக்கொண்டன. அவர் எப்போதும் அப்படித்தான் போடுவார். தோள் கழன்று தொங்கியது. அவள் வாயில் ஊசியோடு எழுந்து வந்து, இரண்டு பக்கமும் துணியைப் பிடித்துக் குண்டூசி குத்தினாள்.

"இளைச்சுட்டீங்க."

"ம்" என்றது சட்டை.

"சாப்பிடறார்னு சொன்னான் ஒருத்தன்."

"சாப்பிட்டேன். உப்பு இருக்காது."

அப்புறம்தான் அவளுக்கு அழுகை வந்தது. நாலைந்து குண்டூசி தரையில் விழுந்தது. அவர் பொறுக்கிக் கொடுத்தார்.

அவர் சொன்னது கொஞ்சம்தான். விருந்தாளி வெகுகாலம் உயிரோடு இருந்தது, யாரும் அதற்கு வைத்தியம் பார்க்கவில்லை. வைத்தியம் பார்த்தால் அது இருப்பதாக ஆகிவிடும் என்று டாக்டர்களுக்குப் பயம். கடைசிக் காலத்தில் 'தண்ணி' என்று சொல்லக் கற்றுக்கொண்டிருந்தது. சாகும்போது விரலை அதுவாகவே விட்டது. அதற்குள் அவர் முழுக்கக் கண்ணுக்குத் தெரியாமல் போயிருந்தார். கொஞ்ச நாள் அறை வாசலில் நின்று இருக்கியா, இருக்கியா என்று கூப்பிட்டுப் பார்த்தார்கள். பதில் சொல்லாமல் இருக்க அவர் பழகிக்கொண்டார். "யாரும் இல்லைன்னு முடிவு பண்ணிக் கதவைத் திறந்து போட்டாங்க. சரின்னு கிளம்பி வந்துட்டேன்."

தெருவுக்கு ஒரு வாரம் வேடிக்கையாக இருந்தது. வெள்ளைச் சட்டையும் வேட்டியும் தாமாக நடந்து பால் வாங்கப் போவதைக் குழந்தைகள் பின்தொடர்ந்தன. பிறகு பால்காரர் பாக்கியை அந்தச் சட்டையிடமே கேட்கத் தொடங்கினார்; அத்தோடு வேடிக்கை முடிந்தது. அரசாங்கம் உடனே தெருமுனையில் ஒரு பலகை நட்டது: 'காற்று அதிகமுள்ள பகுதி. உலர்த்தும் துணிகளுக்குக் கிளிப் போடவும்.' அதன் கீழே கையெழுத்து தம்பியுடையது. ஓட்டுநர் அந்தப் பலகை நிழலில் நின்றுதான் பேப்பர் படிப்பார்.

வருஷங்கள் போயின, ஆட்சி மாறியது. புது அரசு மதிலை இடித்துவிட்டு, ஆமாம், கலம் வந்தது உண்மைதான் என்று அறிவித்தது. ஊர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக அழைத்துப் போய்க் கலத்தைக் காட்டினார்கள்; பிள்ளைகள் அதன் சுவரில் பெயர் கிறுக்கிவிட்டு வந்தன. கலம் வந்தது, அதில் யாரும் வரவில்லை, யாரையும் யாரும் பிடித்து வைக்கவில்லை, இத்தனை காலம் மறைத்தது ஒரே ஓர் அதிகாரியின் தவறான விளக்கம் என்றும் அதே அறிவிப்பில் இருந்தது. அதிகாரியின் பெயரைப் போட்டிருந்தார்கள். சொட்டு மருந்து வரிசையில் முதலில் நின்றவர்கள்தான் அவனை முதலில் ஏசினார்கள்.

தம்பி பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தான். மனைவி பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். பிள்ளைகளோ, மழை பெய்கிறது என்று அவன் சொன்னால்கூடக் கையை வெளியே நீட்டிப் பார்ப்பவர்கள். தையல்காரி, வாடிக்கையாளரைக் கேட்பதுபோல், "வா, என்ன வேணும்?" என்றாள். அவன் வாசலில் நின்றபோது உள்ளே வெள்ளைச் சட்டை பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தது. அவன் செருப்பை விட்டுவிட்டு வருவதற்குள் சட்டை ஆணிக்குப் போய்விட்டது.

"மாமா இருக்காராக்கா?"

"கேட்டுப் பாரு."

அவன் நாற்காலியைப் பார்த்துக் கும்பிட்டான். "மாமா" என்றான்.

"அங்க இல்லடா. உன் பின்னாடி நிக்கறார்."

திரும்பினான். கையைக் குவித்தான்.

"இப்ப அங்கயும் இல்ல."

அவன் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் மெஷினை ஓட்டினாள். அன்றைக்குக் காவல் நிலையத்துச் சட்டைகள் கொடுக்க வேண்டியிருந்தது. அழுது முடித்தபோது பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் இருந்தது. யார் வைத்தது என்று அவன் அக்காவைப் பார்த்தான். "நான் எழுந்திருக்கவே இல்லையே" என்றாள். அவன் எடுத்துக் குடித்தான். அவன் மறுபடி "மாமா" என்றதற்கு மட்டும் பதில் வரவில்லை. அதற்குப் பிறகும் எப்போதும் வரவில்லை.

தம்பி பின்கட்டில் தங்கிக்கொண்டான். காஜா எடுக்கிறான், பொத்தான் தைக்கிறான். அவன் முன்கட்டுக்கு வந்தால் சட்டை ஆணிக்குப் போகிறது, அவன் போனதும் இறங்குகிறது. சாப்பாட்டுக்கு மூன்று தட்டு விழுகிறது; மூன்றும் காலியாகின்றன, ஆனால் இரண்டு பந்தி. பொங்கிப்போட்டு அலுத்துவிட்டது என்று தையல்காரி பக்கத்துக் கடையில் சலித்துக்கொள்கிறாள். மக்கள்தொகை எடுக்க வந்தவர் போன வருஷம் எதிர்வீட்டில் விசாரித்தபோது, எதிர்வீட்டுக்காரர் யோசிக்காமல் சொன்னார்: அங்கே மூன்று பேர் சார், மாமனுக்கும் மச்சானுக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எந்தக் குடும்பத்தில்தான் இல்லை அது.