ஏலக்காரனின் பாதி முகம்

என் தம்பி ஆல்டனுக்கு வாய்தான் பிழைப்பு. பழைய வீட்டுச் சாமான்களை ஏலம் விடுகிறவன். பொருளை விற்பதைவிட, வாங்க வந்தவர்களைக் கிண்டல் செய்வதில் கெட்டிக்காரன். கனெக்டிகட் ஆறு கடலில் சேரும் எங்கள் ஊரில், அவனிடம் அவமானப்படுவதற்கென்றே சனிக்கிழமைதோறும் கூட்டம் வரும். அக்காவான நான் அடுத்த வீட்டில்தான் இருக்கிறேன். ஊர் ஆம்புலன்ஸைச் சம்பளமில்லாமல் ஓட்டுகிறேன். அதையும் அவன் விட்டுவைத்ததில்லை.

ஜூன் மாதம், இறந்துபோன ஒருவரின் கொட்டகையைக் காலி செய்ய, இடுப்பளவு புல்லில் மூன்று நாள் அரைக்கால் சட்டையோடு அலைந்தான். பத்து நாள் கழித்து அவன் ஆற்றில் நீந்திவிட்டுக் கரையேறும்போது முழங்காலுக்குப் பின்னால் பார்த்தேன். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிவப்பு வட்டம், உள்ளே வெளிறிய வளையம், நடுவில் மறுபடி சிவப்பு. வலியில்லை, அரிப்பில்லை என்றான்.

"மான் உண்ணி கடிச்சிருக்குடா. டாக்டர்கிட்ட காட்டு. இப்பவே மாத்திரை போட்டா ரெண்டு வாரத்துல முடிஞ்சிடும்."

"லைம் நோயா? அது நியூயார்க்ல இருந்து வர்ற கோடைக்கால ஆளுங்க வியாதி, ஹெஸ்டர். வீடு வாங்குறாங்க, படகு வாங்குறாங்க, பேசிக்க ஒரு வியாதியும் வேணுமில்ல? ஸ்டியரிங்கப் பிடிச்சவளெல்லாம் டாக்டராயிட்டா நாடு தாங்காது."

அந்த நோய்க்குப் பக்கத்து ஊரின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். இங்கேயே பிறந்து, இதே புல்லில் புரண்டு வளர்ந்த இந்த மேதாவிக்கு அது வெளியூர்க்காரர்களின் வியாதி. கசகசா அளவே இருக்கும் பூச்சி, ஆள் எந்த ஊர் என்று விசாரித்தா கடிக்கும்?

ஜூலையில் காய்ச்சல் வந்தது, கழுத்து வலித்தது. கோடைச் சளி என்று தானே தீர்ப்பு எழுதிக்கொண்டான். வட்டம் மங்கியதும், அக்காவின் வைத்தியப் படிப்பும் அதோடு மறைந்துவிட்டதாகக் கடையில் காபி குடிப்பவர்களிடம் சொல்லிச் சிரித்தானாம். கேட்டவர்களும் லேசுப்பட்டவர்களா? உண்ணி கடித்தால் தீக்குச்சியால் சுட வேண்டும் என்று ஒருவர், வாஸ்லின் தடவ வேண்டும் என்று இன்னொருவர். சின்ன இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தால் போதும் என்பது எங்கள் பள்ளிக் குழந்தைகளுக்கே தெரியும்.

ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை. கூடத்தில் நூறு பேர். ஆல்டன் மேடையேறி ஒரு மேப்பிள் மர அலமாரியை ஏலம் விடத் தொடங்கினான். அவன் முகத்தின் இடது பாதி தொங்கியிருந்தது. அது அவனுக்கே தெரியவில்லை. கண் இமைத்தபோதெல்லாம் வலது கண் மட்டும் மூடித் திறந்தது. இடது கண் அப்படியே விழித்துக்கொண்டிருந்தது. பார்த்தவர்களுக்கு அவன் ஓயாமல் கண்ணடிப்பதாகத் தோன்றியது. முன்வரிசையில் இருந்த விதவை திருமதி பிராட் சிவந்துபோனார். பழம்பொருள் வியாபாரி ரோலின்ஸ் எழுந்து நின்றார். ஏலக் கூடத்தில் கண்ணடிப்பு என்பது ரகசிய சைகை, சின்ன விஷயமில்லை.

"யாருக்குக் கண்ணடிக்கிற ஆல்டன்? விலையேத்திவிட ஆள் வச்சிருக்கியா?"

பதிலுக்கு எதையோ வெட்டிப் பேசப் போனான். உதடு கூடவில்லை. ப, ம எல்லாம் வெறும் காற்றாகப் போயின. ஒரு வாய் காபி குடித்தான், அது தாடையில் வழிந்தது. காலை பத்து மணிக்கே போதையா என்று பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. கூடம் முழுக்கச் சிரித்தது. இருபது வருஷமாக அவன் பழக்கிக் கொடுத்த சிரிப்புதான்.

நான் மேடைக்கு ஓடினேன். கைகளைத் தூக்கச் சொன்னேன், தூக்கினான். நெற்றியைச் சுருக்கச் சொன்னேன், இடது பாதி அசையவில்லை. பக்கவாதமாக இருந்தால் பெரும்பாலும் நெற்றி மட்டும் அசையும். இருந்தாலும் நானாக முடிவுகட்டாமல் ஆம்புலன்ஸில் ஏற்றினேன். வழியெல்லாம் தாடையில் வழிந்ததைத் துடைத்துக்கொண்டே வந்தான்.

ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டர் லெவின் இளம்பெண். வட்டம் ஏதாவது வந்ததா என்பதுதான் அவள் முதல் கேள்வி. ரத்தப் பரிசோதனையில் லைம் உறுதியானது. கிருமி ரத்தத்தில் பரவி முக நரம்பைப் பிடித்திருக்கிறது என்றாள். சிலருக்கு முழங்கால் வீங்கும், சிலருக்கு இதயத் துடிப்பே தடுமாறும் என்று அவனுக்கும் இதயப் படம் எடுத்தாள். நல்லவேளை, அது சரியாக இருந்தது. மூன்று வாரத்துக்கு மாத்திரை, மூடாத கண்ணுக்குச் சொட்டு மருந்து. முகம் திரும்பச் சில மாதங்கள் ஆகலாம், அசதி அதற்குப் பிறகும் இருக்கலாம் என்றாள்.

மாதக்கணக்கில் காத்திருக்க என் தம்பியால் முடியுமா? படித்த டாக்டர் சொன்னதை நம்பாதவன், மின்சாரப் பெட்டியோடு இரண்டு ஒயர்களை வைத்திருந்த ஒரு ஆளை நம்பினான். அந்த ஆள் அதிர்வலையால் கிருமியைக் கொல்வாராம். நான்கு தடவை போய்க் காலை நீட்டிப் படுத்துவிட்டு வந்தான். முகத்தைத் திருப்பிக் கொண்டுவந்தது மாத்திரையும் நாட்களும்தான். அக்டோபர் கடைசியில் இடது இமை மூடியது. பெருமையை அந்தப் பெட்டிக்காரர் எடுத்துக்கொண்டார்.

இப்போது மறுபடி ஏலம் விடுகிறான். ஒரு மணி நேரத்தில் களைத்து நாற்காலியில் உட்கார்ந்துவிடுகிறான். சோம்பேறித்தனம் என்கிறார்கள், காபி குடிக்கும் அதே மேதைகள்.

ஒருநாள் அவனுக்கு சூப் கொண்டுபோனபோது, மனசில் கிடந்ததைச் சொல்லிவிட்டேன்.

"அது என்னன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்டா. நீ கேலி பண்ணினே, எனக்கு ரோஷம். ஜூலை பூரா உனக்குக் காய்ச்சல்னு தெரிஞ்சும் வாயத் திறக்கல. உனக்கு நல்லா வேணும்னு இருந்துட்டேன்."

அவன் கரண்டியைக் கீழே வைக்கவில்லை.

"தெரியும். நீ ஒரு தடவை சொன்னதோட விட்டியே, உனக்குக் கோபம்னு அப்பவே புரிஞ்சுது. உன் இடத்துல நான் இருந்தாலும் அதத்தான் செஞ்சிருப்பேன்."

மன்னித்தானா, குத்தினானா என்று எனக்குப் பிடிபடவில்லை. சூப்பில் உப்பு போதவில்லை என்றான். எழுந்து போய் எடுத்துக்கொள் என்றேன். எழுந்திருக்கத் தெம்பில்லை என்றான். இந்தத் தடவை அவன் சொன்னதை நம்பி, போய் எடுத்து வந்தேன்.